வாய்தாவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை 11 மணி 20 நிமிடம். நாலு நாளாக விட்டுவிட்டுத் தூறல். எங்கள் வீட்டு மாடிப்படியில் ஆறாவது படியில் நின்றால் சாமுண்டி மலை தெரியும். அன்று மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் இருந்தது. கேட்டருகே ஓர் ஆள் குடையை மடக்கி உதறிவிட்டு, யஜமானர் இருக்கிறாரா என்று கன்னடத்தில் கேட்டார். என் மனைவி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையிலிருந்து எழாமலே சொன்னாள்:

"ஏனுங்க, உங்களுக்குத்தான் வந்திருக்குது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

என்ன வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அனுப்பியதே அவள்தான். குடும்ப நீதிமன்றத்திலிருந்து சம்மன். கூடவே பதினோரு பக்கம் விவாகரத்து மனு. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அதற்குள் பீன்ஸ் தாளிக்கும் வாசனை வந்துவிட்டது.

"என்ன இது?" என்றேன்.

"அதுலயே எழுதியிருக்குதுல்லங்க."

"உன் அறுபத்து மூணு வயசுலயா?"

"அறுபத்து நாலு ஆனா குடுக்க மாட்டாங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

ஒரு மணிக்கு இருவரும் சாப்பிட்டோம். பீன்ஸ் பொரியல், மிளகு ரசம்.

நான் பட்டு வளர்ச்சித் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். அதில் கடைசிப் பதினோரு வருடம் பட்டுக்கூடு மார்க்கெட்டில். விவசாயிகள் கொண்டுவரும் கூட்டை எடை போட்டு, ஏலத்தில் விடும் இடம் அது. நூறு கிராம் தப்பினால் இந்தப் பக்கம் விவசாயி பிடித்துக்கொள்வார், அந்தப் பக்கம் வியாபாரி பிடித்துக்கொள்வார். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்பதை அந்தத் தராசின் அருகே நின்று கற்றேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்க ஆணி எதுவும் இல்லை. என் மனைவி கௌதள்ளிப் பக்கம் மல்பெரித் தோட்டக்காரர் வீட்டுப் பெண். மாதம் பன்னிரண்டாயிரம் வீட்டுச் செலவுக்குக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை கணக்குக் கேட்பேன். அவள் சொல்வாள். முப்பத்தெட்டு வருடம் அப்படித்தான் நடந்தது. அதில் தப்பு இருப்பதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, பதினோரு பக்க மனு வரும் வரை.

பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன்.

"தெரியும்ப்பா," என்றாள். "அம்மா போன வருஷமே எங்கிட்ட சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, எவ்வளவு ஆகும்னுதான் மொதல்ல கேப்பீங்கன்னாங்க."

அதைத்தான் கேட்க வாயெடுத்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

என் பக்கம் விஷயம் சுலபமானது. அவள் எங்கும் போகக் கூடாது. வீடு என் பெயரில், பென்ஷன் என் பெயரில், இரண்டிலும் அவள் இருக்க வேண்டும். அவளுக்குப் போகவும் இடமில்லை. தம்பி வீட்டில் மூன்றாம் நாள் விருந்தாளி இல்லை, வேலைக்காரி என்பது அவள் சொன்ன வார்த்தை. மகள் வீடு இரண்டு அறை ஃபிளாட். அதனால் வழக்குப் போட்டவள், போட்ட வீட்டிலேயே இருந்தாள். நான் கூடத்தில், அவள் அறையில். இந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய வைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். அதற்கு எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி.

மூன்று பேரிடம் விசாரித்து, நான்காவதாக ஒரு வக்கீலைப் பிடித்தேன். மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழர். பாதி தமிழ், கால் கன்னடம், மீதி இங்கிலீஷ். பார்த்துப் பேச ஆயிரம் ரூபாய். அதை முதலிலேயே மேசைமேல் வைத்துவிட வேண்டும்.

மனுவைப் புரட்டியபடி, "கொத்தமல்லி விஷயம் நிஜவா சார்?" என்றார்.

மனுவின் ஐந்தாம் பத்தியில் அது இருந்தது. கொத்தமல்லிக் கட்டுக்கு ஐந்து ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டாள் என்பதற்காக நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை என்று எழுதியிருந்தது.

"இரண்டு நாள்," என்றேன். "அப்புறம் கல்யாணம் ஆகி முப்பத்தொன்பது வருஷம்னு எழுதியிருக்காங்க. முப்பத்தெட்டு வருஷம் ரெண்டு மாசம். அதையும் திருத்தணும்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "சார், ரெண்டு நாள்னு நாம எழுதிக் குடுத்தா கொத்தமல்லியை ஒத்துக்கிட்ட ஹாகே, ஒத்துக்கிட்ட மாதிரி. எல்லாத்தையும் மறுக்கிறோம்னு ஒரே லைன் போடலாம். கணக்கை என்கிட்ட விட்டுடுங்க."

கணக்கை யாரிடமும் விட்டு எனக்குப் பழக்கமில்லை. ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன்.

"ரெண்டு வழி இருக்கு. மொத்தமா அறுபதாயிரம், தீர்ப்பு வர்ற வரைக்கும். இல்லைன்னா இப்போ பதினைந்தாயிரம், அப்புறம் வாய்தாவுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு. ஸ்டாம்ப், டைப்பிங் எல்லாம் தனி. எது பேக்கோ, எது வேணுமோ நீங்களே சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இந்த மனுவில் விசாரிக்க என்ன இருக்கிறது? மாதம் ஒரு வாய்தா என்றாலும் ஒரு வருடத்தில், பன்னிரண்டு வாய்தாவில் முடிந்துவிடும். பதினைந்தும் முப்பதும் நாற்பத்தைந்தாயிரம். மொத்தத்தில் பதினைந்தாயிரம் மிச்சம். அதுவுமில்லாமல் வேலை செய்த நாளுக்குத்தான் கூலி என்பது அரசாங்கத்தில் இருந்தவனுக்கு நியாயமாகப் பட்டது. மொத்தமாகக் கொடுத்துவிட்டால் ஆள் அசட்டையாக இருப்பார். நாளுக்கு நாள் கொடுத்தால் அக்கறையாக வருவார் என்று எண்ணினேன். வாய்தா கணக்கையே எடுத்துக்கொண்டேன். இப்போது இதைப் படிக்கிறவர்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய பத்தொன்பது வாய்தா ஆனது.

முதல் வாய்தா ஆகஸ்டில். காலையில் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினேன். மழை. கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே அவள், பச்சைச் சேலை, மடியில் பை.

"ஏறுங்க," என்றாள். "ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான போறோம்."

ஏறினேன். வயசானவர்கள் இருவரும் சேர்ந்து போவதைப் பார்த்து டிரைவர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். "கோர்ட்டுங்க," என்றாள் அவள். அவர் அதற்குப் பிறகு கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நூற்றிருபது ரூபாய். அவள் பையிலிருந்து அறுபது ரூபாயை எண்ணி என்னிடம் கொடுத்தாள். ஐந்து பத்து ரூபாய் நோட்டு, இரண்டு ஐந்து ரூபாய் நாணயம். அன்றிலிருந்து போகும்போது அறுபது, வரும்போது அறுபது. அவள் பங்கு ஒரு நாளும் குறைந்ததில்லை.

நீதிமன்றத்து நடையில் ஒரு நீளமான மரப்பெஞ்சு உண்டு. அதன் ஒரு முனையில் அவளும் மறுமுனையில் நானும் உட்காருவோம். நடுவில் யாராவது இளஞ்சோடி வந்து உட்காரும். அவர்களும் பேச மாட்டார்கள். அவளுடைய வக்கீல் ஒரு சின்னப் பெண், கறுப்புக் கோட்டுக்கு மேலேயே பையை மாட்டிக்கொண்டு ஓடி வருவாள். என் வக்கீல் மெதுவாக வருவார். பெயரைக் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். கூப்பிட்ட பிறகு நடப்பது ஒரு நிமிடம். அன்று என் வக்கீல் வக்காலத்து கொடுத்தார், அதாவது எனக்காக அவர் பேசலாம் என்று நான் கையெழுத்துப் போட்ட தாள். அடுத்த தேதி கொடுத்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு.

இரண்டாவது வாய்தாவில் நீதிபதி விடுப்பு. வெளியே வந்ததும் என் வக்கீல் சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் நடக்கலையே," என்றேன்.

"நான் வந்தேனே சார்."

பணத்தை எண்ணிக் கொடுத்தேன். நானும் பல நாள் மார்க்கெட்டுக்குப் போய், கூடே வராத அன்றும் சம்பளம் வாங்கியவன்தான்.

மூன்றாவதில் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். வேறொரு நாள் அங்கே போய், பேசித் தீர்க்க என்ன இருக்கிறது, அவள் வீட்டில்தானே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாலில் பதில் மனு. ஐந்தில் எதிர்த் தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். ஆறில் வக்கீல்கள் எல்லோருமே வேலைக்கு வரவில்லை. என் வக்கீல் மட்டும் வாசலில் நின்று காசு வாங்கிக்கொண்டார். "ஸ்ட்ரைக் உள்ளேதான் சார்," என்றார்.

ஏழாவது வாய்தாவில் எனக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. அவள் ஜீவனாம்சம் கேட்டு ஒரு மனு போட்டிருந்தாள். வழக்கு முடியும் வரை மாதம் எட்டாயிரம் நான் அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. அதோடு நிற்கவில்லை. அவளுடைய வழக்குச் செலவுக்கென்று பத்தாயிரமும் நான் தர வேண்டும்.

"அவ வக்கீலுக்கு நான் ஏன் குடுக்கணும்?"

"சட்டம் அப்படித்தான். அவங்களுக்கு வருமானம் இல்லையே."

"என்னை எதுத்துப் பேசறதுக்கு நானே கூலி குடுக்கணுமா?"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க யஜமானரே. இன்னும் மூணு பேருக்கு இன்னிக்கு இதே ஆர்டர்தான்."

பன்னிரண்டாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு எட்டாயிரம் லாபம்தானே என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு ஒரு சந்தேகம் வந்து கேட்டேன். அந்த எட்டாயிரத்துக்கு அவளிடம் கணக்குக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று என் வக்கீல் விளக்கினார். அந்த விளக்கத்துக்கும் அன்றைய இரண்டாயிரத்து ஐந்நூறுதான்.

அதன் பிறகு வீடு மாறிவிட்டது. காலை ஆறிலிருந்து எட்டு வரை சமையலறை அவளுடையது. எட்டுக்கு மேல் என்னுடையது. அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டு வந்தது. ஒன்றில் அவள் பேனாவால் ஒரு கோடு போட்டு ஃபிரிட்ஜில் வைப்பாள். எழுபத்தொரு வயதில் நான் ரசம் வைக்கக் கற்றேன். புளி அதிகமாகிவிடும். அவள் அறைக்குள்ளிருந்து மோப்பம் பிடித்திருப்பாள். எதுவும் சொல்ல மாட்டாள். அவள் வாங்கிவரும் காய்ப்பையை என் கண் தானாக எடை போடும். தக்காளி ஒன்றரைக் கிலோ, கத்தரி அரை. என்ன விலை என்ற கேள்வி தொண்டை வரை வரும். கேட்டால் அது மனுவில் பன்னிரண்டாம் பக்கமாகச் சேர்ந்துவிடும். விழுங்கிவிடுவேன். வெளியே போனால் அக்கம்பக்கம் கேட்கும். உள்ளே வந்தால் அவள் இருக்கிறாள். நான் எதற்காக வழக்காடுகிறேனோ அது என் கண்ணெதிரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

2025 ஜனவரியில் பத்தொன்பதாவது வாய்தா. எதிர்த் தரப்பு நகல் கேட்டதால் தள்ளிவைத்தார்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே கை நின்றது. பதினைந்தாயிரமும் பதினெட்டு வாய்தாவும் சேர்ந்து சரியாக அறுபதாயிரம். மொத்தமாகப் பேசியிருந்தால் போன வாய்தாவோடு நான் கொடுத்து முடித்திருப்பேன். இனிமேல் நாள் தள்ளத் தள்ள எனக்கு நஷ்டம், அவருக்கு வரவு. தள்ளுவது யார் கையில் இருக்கிறது என்றும் அப்போதுதான் யோசித்தேன். அவர் வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேதி தள்ளிப்போகும்போது அவர் முகத்தில் ஒரு நாளும் வருத்தம் பார்த்ததில்லை.

அடுத்த தெருவில் இன்னொரு வக்கீலைப் பார்த்தேன். பார்க்க ஆயிரத்து ஐந்நூறு. வழக்குக் கட்டைப் பார்க்காமலே, இருபத்தைந்தாயிரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். எழுந்திருக்கும்போது, "பழைய வக்கீல்கிட்ட ஆட்சேபம் இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. அது இல்லாம எங்களில் யாரும் தொட மாட்டோம்," என்றார்.

பழையவரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு ஒரு காப்பி சொன்னார்.

"தாராளமா போங்க சார். பேலன்ஸ் மட்டும் செட்டில் பண்ணிடுங்க."

"என்ன பேலன்ஸ்? வாய்தாவுக்கு வாய்தா குடுத்திருக்கேன்."

"குறுக்கு விசாரணைக்குத் தயார் பண்ணினது. இருபதாயிரம்."

"இன்னும் விசாரணையே நடக்கலையே."

"தயாராத்தானே இருக்கேன்," என்றார்.

கட்டு அவருடைய அலமாரியில் இருந்தது. கண்ணாடி வழியே என் பெயர் தெரிந்தது. நானே நேரில் வாதாடிக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் முதலில் அவர் விலக வேண்டும் என்றார். இருபதாயிரம் கொடுத்து வெளியேறி, இருபத்தைந்தாயிரம் கொடுத்து உள்ளே போக வேண்டும். அல்லது இவரோடேயே மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு. எந்தப் பக்கம் கூட்டினாலும் கதவு இருக்கும் இடத்தில் ஒரு தொகை நின்றது. காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அன்று ஆட்டோவில் அவளோடு திரும்பவில்லை, வாய்தா நாள் இல்லையே. பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது ஒன்று தோன்றியது: முப்பத்தெட்டு வருடம் போதும் என்று முடிவு செய்தவளும் முதலில் ஒரு வக்கீலிடம் போய், எவ்வளவு ஆகும் என்று கேட்டிருப்பாள். என்னிடம் கேட்காமல், கையில் இருந்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டு.

இருபத்து நான்காவது வாய்தாவில்தான் குறுக்கு விசாரணை. அதற்காக நான் ராத்திரி பகலாக யோசித்துக் கேள்விகள் தயாரித்துக் கொடுத்திருந்தேன். எந்த மாதம் எவ்வளவு கொடுத்தேன், எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு, மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவளால் மறுக்க முடியாது.

அவள் கூண்டில் ஏறி நின்றாள். கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நரைத்த தலையில் எண்ணெய் தடவி இழுத்து வாரியிருந்தாள். என் வக்கீல் எழுந்தார். என் கேள்விகள் எழுதிய தாள் அவர் கையில் இருந்தது. அதைப் பார்க்கவே இல்லை.

"நீங்க தினமும் காலையில பார்க்குக்கு வாக்கிங் போறீங்க?"

"ஆமாங்க."

"கணவரோட போறதில்லை?"

"அவரு வர மாட்டாருங்க. செருப்புத் தேயுமுன்னு சொல்லுவாரு."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கே உங்களுக்கு ஒரு ஆண் நண்பர் இருக்கார். அவரோட வாழணும்னுதானே இந்த விவாகரத்து?"

அவள் என் வக்கீலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். இது நீங்கள் எழுதிக் கொடுத்ததா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் எழுந்தேன். "அது பொய். நான் சொல்லலை," என்றேன். கன்னடத்தில் சொன்னேனா தமிழில் சொன்னேனா என்று ஞாபகமில்லை.

"உட்காருங்க," என்றார் நீதிபதி. "உங்களுக்காகத்தானே அவர் பேசறார்."

"எனக்காக இல்லீங்க."

"உங்க வக்காலத்து அவரிடம் இருக்கு. உட்காருங்க."

உட்கார்ந்தேன். என் பெயரில், என் காசில், என் குரலாக அவர் பேசிக்கொண்டே போனார். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய வக்கீல் பெண் ஆட்சேபித்தாள். அந்தக் கேள்வியைப் பதிவில் எடுத்துக்கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது. வெளியே வந்ததும் என் வக்கீலைப் பிடித்தேன்.

"ஏன் சார் அப்படிக் கேட்டீங்க?"

"எல்லாக் கேஸ்லயும் கேக்கறதுதான். பயந்து மனுவை வாபஸ் வாங்கிடுவாங்க. உங்களுக்கு வேண்டியதும் அதானே?"

எனக்கு வேண்டியதும் அதுதான். பணத்தைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது.

ஆட்டோவில் பாதி வழியில் அவள் வழக்கம்போல் பையைத் திறந்து அறுபது ரூபாயை எண்ணி என் தொடை அருகே சீட்டில் வைத்தாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அந்தக் கேள்விக்கு எவ்வளவுங்க குடுத்தீங்க?"

கேலி இல்லை அது. குரலை அவள் உயர்த்தவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளிடம் கேட்பேனே, அதே தொனி. அன்று எத்தனை கேள்வி கேட்டார், கேள்விக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுக்க என்னால் முடியும். வகுக்கவில்லை. வீடு வரும் வரை கையில் அந்தப் பத்து ரூபாய் நோட்டுகளை வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாய்தாவில் நானே எழுந்து சமரச மையத்துக்குப் போகிறோம் என்று கேட்டேன். என் வக்கீல் கோட்டைப் பிடித்து இழுத்தார், நான் உட்காரவில்லை.

சமரசம் செய்துவைத்தவர் ஒரு வயதான பெண் வக்கீல். மேசையில் தண்ணீரும் நாலு டம்ளரும். இந்த வழக்கில் காசு கேட்காத ஒரே இடம் அதுதான். மூன்று நாள் உட்கார்ந்தோம். முதல் நாள் முழுக்க நான் பேசினேன். அவளுக்கு என்ன குறை வைத்தேன் என்று வருடவாரியாகச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். இரண்டாம் நாள் அவளைப் பேசச் சொன்னார்.

"எங்கப்பா வீட்டுல கூடு வளத்தோமுங்க," என்றாள். "கூட்டை உடனே ஆவியில வேக வெச்சுருவாங்க. விட்டா பூச்சி வெட்டிக்கிட்டு வெளிய வந்துருமுங்க. வெட்டுன கூடு விலைக்கு ஆகாதுன்னு."

"வெட்டுக் கூடும் போகும்," என்றேன். "அதுக்குத் தனி ரேட் இருக்குது."

"நான் ரேட்டாங்க கேட்டேன்?" என்றாள்.

அந்த அம்மா டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு என் மனைவியிடம், "நிமகே ஏனு பேக்கம்மா?" என்று கேட்டார். உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று.

"மாடி," என்றாள்.

எங்கள் மாடியில் ஒரு சின்னப் போர்ஷன் உண்டு. தனிப் படி, தனி மீட்டர். மாதம் ஒன்பதாயிரம் வாடகைக்கு விட்டிருந்தேன்.

"மாடிய என் காலத்துக்கும் எனக்கு எழுதிக் குடுத்துரட்டும். அந்த எட்டாயிரமும் குடுத்தாப் போதும். நகை வேண்டாம், வேற ஒண்ணும் வேண்டாம்."

"மாடியில தனியா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"காலையில ஒரு காப்பி போட்டுக் குடிப்பேன். எத்தன ஸ்பூன் சக்கரைன்னு யாரும் பாக்க மாட்டாங்க."

"அதுக்கு விவாகரத்து எதுக்கு? சும்மாவே மாடிக்குப் போயிக்க வேண்டியதுதான."

"சும்மா போனா மாடிப்படி ஏறி வந்து பாப்பீங்க," என்றாள்.

பார்த்திருப்பேன். அது உண்மை. மூன்றாம் நாள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். குடியிருந்தவர்களுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துக் காலி செய்யச் சொன்னேன்.

வழக்கைத் தோற்பதற்கும் காசு உண்டு என்பது கடைசிப் பாடம். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனுவை மாற்றி எழுத இருபத்தைந்தாயிரம் என்றார் என் வக்கீல். வாய்தாக் கூலி இதில் சேராது, அது தனி. நான் இருபது என்றேன். அவர் ஒத்துக்கொண்டது, அவருக்கும் என்மேல் அலுப்பு வந்துவிட்டதால்தான் என்று நினைக்கிறேன்.

2025 செப்டம்பரில், இருபத்தேழாவது வாய்தாவில், எங்கள் இருவர் பெயரையும் கூப்பிட்டார்கள். சொந்த விருப்பத்தோடுதானா என்று நீதிபதி கேட்டார். அவள் ஆமாம் என்றாள். என்னைக் கேட்டபோது அவள் திரும்பிப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். அவ்வளவுதான்.

வெளியே வெயில். காலையில் வழக்கம்போல் ஒரே ஆட்டோவில்தான் வந்திருந்தோம், அறுபது அறுபது. கேட்டருகே நின்று நான் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். அவளுக்கு இடம் விட்டு ஓரமாக ஒதுங்கினேன். அவள் ஏறவில்லை.

"நீங்க போங்க," என்றாள். "நான் வேற புடிச்சுக்கறேன்."

"ஒரே எடத்துக்குத்தான போறோம்."

"இருக்கட்டுங்க. கணக்கு சரியா வரட்டும்."

பின்னால் வந்த ஆட்டோவில் அவள் ஏறினாள். அது முந்திக்கொண்டது. வழி முழுக்க என் ஆட்டோ அதன் பின்னாலேயே போனது. சிக்னலில் நின்றபோது அவள் பின்தலையும் பையின் காதும் தெரிந்தன. எங்கள் தெருவில் இரண்டும் ஒரே கேட்டில் நின்றன. அவள் இறங்கிக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளிப்படியில் ஏறினாள். நான் டிரைவரிடம் நூற்றிருபது ரூபாயைக் கொடுத்தேன். யாரும் அறுபது திருப்பித் தரவில்லை.

கூடத்தில் உட்கார்ந்து கூட்டினேன். மாடி வாடகை போனதையும் மாதா மாதம் எட்டாயிரத்தையும் இதில் சேர்க்கவில்லை. அவை நான் இருக்கும் வரை ஓடும். வக்கீலைப் பார்க்க ஆயிரம், முன்பணம் பதினைந்தாயிரம், இருபத்தேழு வாய்தாவுக்கு அறுபத்தேழாயிரத்து ஐந்நூறு. ஸ்டாம்ப், டைப்பிங், நகல், குமாஸ்தாவுக்குக் காப்பி எல்லாம் ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது. அடுத்த தெரு வக்கீலுக்கு ஆயிரத்து ஐந்நூறு. அவளுடைய வக்கீலுக்குப் பத்தாயிரம். சம்மத மனுவுக்கு இருபதாயிரம். ஆட்டோ, இருபத்தாறு வாய்தாவும் சமரச மையத்துக்கு நாலு நாளுமாக முப்பது நாள், பாதிப் பங்கு நூற்றிருபது வீதம் மூவாயிரத்து அறுநூறு, கடைசி நாள் நூற்றெண்பது. மேலே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் முறையும் கூட்டிப் பார்த்தேன். மாறவில்லை.

ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து நூற்றிருபது ரூபாய்.